இல்லாத தட்டுகளை எண்ணியவர்

போன மாதம் வெலிமடை பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், நகப்பூச்சு அழிக்கும் சிறு குப்பியைத் திறந்தாள். பழமா பெற்றோலா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தக் கூரிய வாசனை ஒரு நொடியில் பஸ்ஸை நிறைத்தது. சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்துக்கொண்டேன். பக்கத்து ஆசனத்துக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்து, தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு அது நகப்பூச்சு வாசனை அல்ல, தட்டையாவின் வாசனை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஊவா மாகாணம் முழுவதிலும், கண்ணால் காண முடியாத, கையால் தொட முடியாத, சொல்லப்போனால் உலகத்தில் எங்குமே இல்லாத தட்டுகளை எண்ணிச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் தட்டையாதான். அதிலும் ஒரு தட்டு குறைந்தால் ஊரைக் கூட்டுவார்.

பண்டாரவளையில் ஒரு சிறிய ஆய்வுகூடம். தேயிலையிலும் மரக்கறியிலும் பூச்சி, களை மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. ஒரு வேலையில் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்த என் கால்கள் அங்கே மூன்று வருடம் நின்றன. நான் கிளாக்கர். அறிக்கைகளைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, உறையில் போடுவேன். தட்டையா சோதனை செய்பவர்; கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் திரவத்தின் அதே நகப்பூச்சு வாசனை எப்போதும் அவர் சட்டையில் இருக்கும். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வளர்ந்து, படித்து, அந்தப் பக்கத்து மலைகளைப் போலவே கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கிற மனிதர். அவருடைய சொந்தப் பெயர் வரவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

அவருடைய உலகத்தின் நடுவில் ஒரு சாண் நீளமான எஃகுக் குழாய். ஆய்வுகூடத்தில் அதைக் ‘கொலம்’ என்பார்கள். உள்ளே மாவைவிட மெல்லிய தூள் இறுக்கி அடைத்திருக்கும். தேயிலைச் சாற்றில் ஒரு சொட்டை ஒரு முனையில் விட்டுப் பம்பினால் திரவத்தைத் தள்ளினால், சாற்றில் இருப்பவை எல்லாம் அந்தத் தூளுக்குள் நடந்து போகும். தூளில் ஒட்டாதது முந்தி வரும். ஒட்டுவது பிந்தி வரும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது தாளில் ஒரு மலை எழும். குழாய் நன்றாக இருந்தால் மலைகள் ஒல்லியாக, தனித்தனியாக நிற்கும். குழாய் களைத்துப்போனால் மலைகள் பருக்கும். பக்கத்து மலையின் தோளில் சாயும். கடைசியில் இரண்டு மலை ஒரே மலையாகிவிடும்.

குழாய் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதற்குத்தான் தட்டுக் கணக்கு. உள்ளே தட்டு எதுவும் கிடையாது. இருப்பதாக வைத்துக்கொள்வது. மலை ஒல்லியாக ஒல்லியாக, தட்டு அதிகம்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலை அதுதான். தெரிந்த பொருள் ஒன்றைக் குழாய்க்குள் அனுப்புவார். மலை எழுந்ததும் தாளைக் கிழித்து, ஜன்னலோரம் கொண்டுபோய், சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் அடிமட்டத்தை எடுத்து, தொடக்கத்திலிருந்து உச்சி வரை உள்ள தூரத்தை அளப்பார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையின் பாதி உயரத்தில் அதன் அகலத்தை அளப்பார். தூரத்தை அகலத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அதை ஐந்து தசம் ஐந்து நாலால் பெருக்கினால் தட்டு வந்துவிடும். நூறு மில்லிமீட்டர் தூரத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் அகலம் என்றால் எண்ணாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.

“கம்பியூட்டரே கணக்குப் போட்டுத் தருதே, ஏன் இந்தப் பாடு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது வெள்ளந்திங்க, கிளாக்கரே. மேடு பள்ளம் எதக் காட்டினாலும் மலைன்னு நம்பிரும்.”

அந்தக் குழாயை அவர் அது, இது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘இவங்க’ என்பார். மார்கழிக் காலையில் பண்டாரவளைக் குளிர் எலும்பில் ஏறும்போது, தன் கழுத்து மப்ளரைக் கழற்றிக் குழாய்க்குச் சுற்றிவிட்டு, தான் பல் கிட்டிக்க நிற்பார். “குளிர்னா இவங்களுக்குள்ள எல்லாம் மெல்ல நடக்கும், மலை தள்ளிப்போயிரும்” என்று அதற்கு ஒரு விஞ்ஞானமும் வைத்திருந்தார். அது உண்மையும்கூட என்பதுதான் எங்களால் அவரைக் கேலி செய்ய முடியாமல் போன காரணம்.

குழாயோடு நிறுத்திக்கொண்டாரா? பதுளையிலிருந்து வரும் மூன்று பஸ்கள் எவ்வளவு இடைவெளி விட்டு வந்து சேருகின்றன என்று ஒரு வாரம் கடிகாரத்தோடு நின்று பார்த்துவிட்டு, “இந்த ரோட்டுக்கு மொத்தமே நாப்பது தட்டுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து ஆட்கள் இடித்துக்கொள்ளாமல் எழுந்து வரும் அழகைப் பார்த்து, மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே, “நூறு தேறும்ங்க, பரவாயில்ல” என்றார். பாவம், அவர் மொய் எழுதியவர்களின் தொகையைச் சொல்வதாக நினைத்துக் கும்பிட்டார். நான் பத்திரிகைக்கு எழுதிய ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு அடிமட்டத்தை அதன்மேல் வைத்து யோசித்தார். “நல்லாருக்கு. ஆனா ஒரு வரியில ரெண்டு விசயம் ஒண்ணா வந்து விழுது. தட்டு பத்தல.” இன்றுவரை என்னைப் பற்றி வந்த விமர்சனங்களில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.

அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, அடிமட்டத்தைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றவர், திடீரென்று கட்டடமே அதிரக் கத்தினார்.

“ரெண்டாயிரத்து அறுநூறு தட்டக் காணோம்! போன வாரம் இருந்துச்சு! ஒரே வாரத்துல ரெண்டாயிரத்து அறுநூறு தட்டு!”

சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு அறை. அங்கே சமைத்து, தேநீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் செல்லாயி அக்கா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

மேல் மாடியில் மனேஜர். யாழ்ப்பாணத்துக்காரர். கல்விக் கந்தோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒழுங்கு முறைக்காக இங்கே கொண்டுவரப்பட்டவர். இரசாயனத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு, காலையில் போடும் பல்பொடி. அவர் படியிறங்கி வந்து சேருவதற்குள் செய்தி முழு வடிவம் எடுத்துவிட்டது: சாப்பாட்டு அறையில் பாத்திரத் திருட்டு.

“என்ன ஐசே இது? எழுத்தில தாரும்” என்றார் என்னிடம். யாரானாலும் அவருக்கு ‘ஐசே’தான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் சோறு சாப்பிடும் தட்டுக்குக் கோப்பை என்று பெயர். மனேஜர் தன் ஊர் வழக்கப்படி, ‘இரண்டாயிரத்து அறுநூறு கோப்பைகள் காணாமற் போனமை’ என்று தலைப்புக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் கோப்பை என்றால் தேநீர் குடிப்பது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதிக்கொண்டே சிரிப்பை அடக்குவதில் மும்முரமாக இருந்தேன்.

கடிதத்தை வாசிக்கக் கேட்ட செல்லாயி அக்கா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தட்டுன்னாங்க. இப்ப கோப்பையும் போச்சுங்களா? ஐயா, நான் வந்து நாலு வருசம். என்கிட்ட குடுத்தது பதினாலு தட்டு. ரெண்டு ஒடைஞ்சுச்சு. அதுல ஒண்ணு நீங்க ஒடைச்சது. ரெண்டாயிரத்து அறுநூறு தட்ட நான் எங்கங்க கொண்டுபோயி வைக்க? தோட்டத்து லயத்துல எங்க வீடே பத்தடிக்குப் பன்னெண்டடி!”

“அழாதையும் பிள்ளை. விசாரிப்பம்” என்றார் மனேஜர். சோதனைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “அந்தத் தட்டுகளை நீர் கடைசியா எப்ப கண்டனீர்?”

“கண்டதில்லீங்க சார்.”

“என்ன?”

“யாருமே கண்டதில்லீங்க. அது கணக்குல மட்டுந்தான் இருக்கு.”

“காணாத தட்டு எப்பிடி ஐசே காணாமப் போகும்?”

“அதாங்க சார் எனக்கும் கவலையா இருக்கு.”

மனேஜர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். செல்லாயி அக்கா மெல்ல எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோதனைக்காரருக்கு நேரே கரண்டியை நீட்டினார்.

“அப்ப இல்லாத தட்டுக்கா என்னை அழ வச்சீங்க? தட்டையா! தட்டையா! இனிமே உங்களுக்கு அதுதான் பேரு!”

அன்று மத்தியானம் தட்டையாவுக்குச் சோறு வாழையிலையில் வந்தது. கேட்டதற்கு, “உங்க கணக்குல தட்டு இருக்கும், அதுல போட்டுச் சாப்புடுங்க” என்று பதில் வந்தது.

மாலையில் அறிவித்தல் பலகையில் மனேஜரின் கட்டளை தொங்கியது. திங்கட்கிழமைக் காலை இனி வாடிக்கையாளர்களின் மாதிரிகளுக்கு மட்டுமே. தட்டு என்ற சொல்லைச் சாப்பாட்டு அறைக்கு வெளியே எவரும் பாவிக்கலாகாது. அதைத் தட்டச்சு செய்து ஒட்டியவன் நான்தான். ‘தட்டச்சு’ செய்வதற்கு இனி அனுமதி உண்டா என்று செல்லாயி அக்கா கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். தட்டையா சிரிக்கவில்லை. அடிமட்டத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மூடிய சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது.

மூன்று திங்கட்கிழமைகள் போயின. அவர் அளக்கவில்லை. மாதிரிகளை ஓட்டினார், கையெழுத்துப் போட்டார், வீட்டுக்குப் போனார். பஸ்ஸைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் முறுக்கிக்கொண்டால் எப்படியிருக்கும் என்று அந்த நாட்களில் பார்த்தேன். மழைக்காலத்தில் மூடிய ஜன்னலைப் போல இருந்தார்.

நாலாவது திங்கள் மனேஜர் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். காலை எட்டு மணிக்குத் தட்டையா குழாயின் முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேநீர் கொண்டுவந்த செல்லாயி அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“எண்ணித் தொலைங்கய்யா. இல்லாத தட்டுக்காக ஒரு ஆளு இப்படி இளைச்சு நான் பாத்ததில்ல. வாசல்ல நான் நிக்கிறேன். யாரும் வந்தா கரண்டிய கீழ போடுறேன்.”

அடிமட்டம் வெளியே வந்தது. தாளும் வந்தது. அவர் ஜன்னலோரம் போனார். அளந்தார். திரும்ப அளந்தார். மூன்றாம் முறை என்னைக் கூப்பிட்டு, “உங்க கண்ணால பாருங்க” என்றார். பார்த்தேன். இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு தசம் மூன்று. மலை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் எருமையைப் போலப் படுத்திருந்தது.

“மூவாயிரம்” என்றார். இந்த முறை கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. “கிளாக்கரே, இந்த நாலு வாரத்துல என் கையெழுத்துல என்னென்ன வெளிய போச்சு?”

ஃபைலைத் திறந்தேன். பதினோரு அறிக்கைகள். பத்து மரக்கறிக்கு; அவற்றில் மலையே இல்லை, எச்சம் எதுவும் இல்லை. பதினோராவதில் மட்டும் ஒரு மலை. பூனாகலைப் பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருக்கும் பெண்கள் சிலர் மருந்தடிக்காத கொழுந்து என்று ஒரு கொம்பனிக்குக் கொடுத்துவந்தார்கள். அதில் பாக்கியம் என்பவரின் கொழுந்தில், தடை செய்யப்பட்ட களைநாசினி வருகிற இடத்தில் ஒரு தடித்த மலை. ‘காணப்பட்டது’ என்று நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். கீழே அவருடைய கையெழுத்து.

அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி தேயிலைக்கே சொந்தமான ஒண்ணு வருங்க. மருந்து இல்ல, கொழுந்தோட கூடப் பிறந்தது. குழாய் நல்லா இருந்தா ரெண்டும் தனித்தனியா நிக்கும். மூவாயிரம் தட்டுக்கு அது தடிச்சுப்போயி, மருந்தோட இடத்துலயும் சேர்த்து உக்காந்துக்கும்.” தாளைக் கீழே வைத்தார். “யாரு வந்தாங்கன்னு தெரியாமலே யாரோட பேரையோ எழுதிட்டேனோ?”

அந்தக் கொழுந்தின் மிச்சம் குளிர்ப்பெட்டியில் இருந்தது. அன்று முழுவதும் குழாயைக் கழற்றி, தலைகீழாக மாட்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் திரவம் விட்டுக் கழுவினார். மற்ற முனையிலிருந்து தேயிலைக் கறை மஞ்சளாக வடிந்தது. மத்தியானம் சாப்பிட வரவில்லை. செல்லாயி அக்கா நிஜத் தட்டில் சோறு போட்டு எந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு அளந்தார். ஏழாயிரத்துச் சொச்சம். பாக்கியத்தின் கொழுந்தை உள்ளே விட்டார். நாங்கள் மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மலை எழுந்தது. ஒல்லியாக, நேராக. இறங்கியது. களைநாசினி வரவேண்டிய நிமிடம் வந்தது. பேனை நேர்கோடு போட்டது. அந்த நிமிடம் கடந்தது. நேர்கோடு.

அவர் அதோடு விடவில்லை. அதே சாற்றில் களைநாசினியைத் தானே ஒரு துளி கலந்து மறுபடி அனுப்பினார். இப்போது முதல் மலைக்குப் பக்கத்தில், நடுவில் பள்ளம் விட்டு, இரண்டாவது மலை தனியாக எழுந்தது. அந்த ஆள் வந்திருந்தால் இங்கேதான் நின்றிருப்பார் என்று காட்டியது போல.

“அப்ப அந்தப் பொம்பள ஒண்ணும் அடிக்கலைங்களா?” என்றார் செல்லாயி அக்கா.

“அடிக்கலக்கா. நான்தான் அடிச்சுட்டேன்.”

புதன்கிழமை மனேஜர் வந்தார். தட்டையா பழைய தாளையும் புதிய தாள்களையும் அவர் முன்னால் விரித்து, முதலிலிருந்து சொன்னார். மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

“திருத்தின அறிக்கையை இண்டைக்கே கொம்பனிக்கு அனுப்பும் ஐசே. அளக்க வேண்டாமெண்டு மறிச்சது நான். என்ர பேரையும் கீழ போடும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இனித் திங்கட்கிழமையில நீர் எத்தினை தட்டு எண்டாலும் எண்ணும். காணாட்டி எனக்கும் சொல்லும்” என்றார்.

கடிதம் போய்விட்டது. விஷயம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். வியாழன் காலை தட்டையா வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“பூனாகலைக்குப் போகணும். நீங்களும் வர்றீங்களா? தனியாப் போனா பாதி வழியில திரும்பிருவேன்.”

வளைவுகளில் பஸ் அரைமணி நேரம் பிந்தியும் அந்த ரோட்டுக்கு அவர் தட்டுக் கணக்குப் போடவில்லை.

பாக்கியம்மாவின் துண்டு நிலம் சரிவில் இருந்தது. கேட்காமலே கண்டுபிடிக்கலாம். சுற்றிலும் கொழுந்து எடுத்த தேயிலை மேசை போலச் சமமாக இருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் தலைவாராத பிள்ளையைப் போல வளர்ந்து கிடந்தது. வாங்க ஆளில்லாத கொழுந்தை யார் கிள்ளுவார்கள்? இலை முற்றி, சில செடிகளில் வெள்ளைப் பூவே வைத்திருந்தது. பாக்கியம்மா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த, நேராக நிற்கிற பெண்.

“நான் பண்டாரவளையிலருந்து வாறேங்கம்மா. உங்க கொழுந்த சோதிச்ச ஆளு.”

“ஓ, நீங்கதானா அது? வெசம் இருக்குன்னு எழுதுன மகராசன்?”

“ஆமாங்க.”

“இப்ப என்ன, செடியப் புடுங்க வந்தீங்களா?”

“இல்லீங்க. உங்க கொழுந்துல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது.” திருத்திய அறிக்கையை நீட்டினார்.

பாக்கியம்மா அதை வாங்கவில்லை. கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு இத அந்தக் கொம்பனி ஆளு எங்க நின்னு வாசிச்சாரு தெரியுமா? கொழுந்து நிறுக்குற எடத்துல. எல்லாரும் இருக்கும்போது. இருவது வருசம் ஒண்ணா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவங்க, களவுல மருந்தடிச்சவன்னு என் மொகத்தப் பாக்கல. என்னால அவங்க கொழுந்தும் போயிருமோன்னு அவங்களுக்குப் பயம். இந்தக் கடுதாசிய என் கையில குடுத்தா நான் மட்டும் வாசிப்பேன். எனக்குத்தான் தெரியுமே, நான் அடிக்கலன்னு.”

தட்டையா என்னைப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று அவர் பேசி நான் கண்டதில்லை. தன் கல்யாணத்திலேயே தலையாட்டித்தான் சம்மதம் சொன்னார் என்பது ஆய்வுகூடத்துக் கதை.

“எத்தன மணிக்குங்க நிறுவை?” என்றார்.

தகரக் கூரை போட்ட சின்ன இடம். பதினைந்து இருபது பெண்கள் கொழுந்துச் சாக்கோடு நின்றார்கள். கொம்பனி ஆள் தராசோடு இருந்தார். பாக்கியம்மா ஓரத்தில், யாருக்கும் பக்கத்தில் இல்லாமல் நின்றார். தட்டையா முன்னால் போய் நின்று, அரை நிமிடம் தன் செருப்பைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தி, “ஐயா செருப்ப ஏலம் போட வந்திருக்காருடி” என்றாள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவருக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். நிமிர்ந்தார்.

“காலையில பெரட்டுக்களத்துல பேர் பதிஞ்சு, அங்கருந்து எல்லாரும் ஒண்ணாத்தானே மலைக்குப் பொறப்படுவீங்க?”

“ஆமாங்க.”

“ஒண்ணாவா போயிச் சேருவீங்க?”

“எங்கருந்து? இவ பீலிக்கரையில தண்ணி குடிக்க நின்னு பத்து நிமிசம் பேசுவா.”

“நீ மட்டும்? வெத்தல போடாம உனக்குக் காலு நகராது!”

“அதாங்க. எங்கயும் நிக்காதவங்க முதல்ல. வெத்தல போட நிக்கிறவங்க அடுத்து. பேச நிக்கிறவங்க கடைசி. பாதை நல்லாருந்தா, ஒவ்வொரு கூட்டமும் ஒண்ணா வந்து சேரும். மேல நிக்கிறவன் பாத்தவொடன சொல்லிருவான், இது யாரு கூட்டம்னு. பாதை இடிஞ்சு சேறா கெடந்தா?”

“எல்லாம் கலஞ்சு வரும்.”

“என் குழாய் அந்தப் பாதைங்க. மேல நிக்கிறவன் நான். பாதை சேறாப் போயிருச்சு. நான் பாக்கல. யாரோ வந்தத பாத்துட்டு, பாக்கியம்மான்னு எழுதிட்டேன். அவங்க கொழுந்துல மருந்து இல்ல. சத்தியமா இல்ல. அழுக்கு என் பாதையிலதான்.”

செருப்பைக் கேலி செய்தவளே கேட்டாள்:

“பாதைய யாருங்க பாக்கணும்?”

“நான்தாங்க.”

“ஏன் பாக்கல?”

அறிவித்தல் பலகையில் தொங்கிய கட்டளை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனேஜரின் கையெழுத்து, என் தட்டச்சு. ஒரு வரியில் அவர் தப்பித்துக்கொள்ளலாம். தட்டையா அதை எடுக்கவில்லை.

“கோவத்துல இருந்தேங்க” என்றார். “வேலை செய்யிற எடத்துல என்னைக் கேலி பண்ணிட்டாங்க. வேணாம்னாங்க, சரி போங்கன்னு விட்டுட்டேன். சாப்பாட்டு நேரத்துல பாத்திருக்கலாம். பாக்கல.”

அந்தக் கேலியில் என் பங்கு கொஞ்சமில்லை.

கொம்பனி ஆள் திருத்திய அறிக்கையை வாங்கி, அன்று வாசித்த அதே இடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்க வாசித்தார். அடுத்த வாரத்திலிருந்து பாக்கியம்மாவின் கொழுந்து எடுக்கப்படும் என்றார். யாரும் கைதட்டவில்லை. வெற்றிலைக்காரி மட்டும் பாக்கியம்மாவின் பக்கத்தில் போய் நின்று, மடியை அவிழ்த்து, ஒரு வெற்றிலையை நீட்டினாள்.

“அந்த முத்துன எலைய நீ தனியா வெட்டி எறக்க ஒரு மாசம் ஆகும். ஞாயித்துக்கெழம நாங்க வாறோம்.”

பாக்கியம்மா வெற்றிலையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது மழைத் தூறல் தொடங்கியிருந்தது. பாக்கியம்மா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படி முடிகிற இடம் வரை கூட வந்தார். தட்டையா கும்பிட்டார். பாக்கியம்மா திருப்பிக் கும்பிடவில்லை. தட்டையாவின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த தேயிலை இலை ஒன்றை எடுத்துப் போட்டார்.

“அடுத்த மாசம் என் கொழுந்து சோதனைக்கு வரும்” என்றார். “வேற யாரு பாத்து எழுதினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். நீங்களே பாருங்க. சரி, மெல்லப் போங்கய்யா, எறக்கம் வழுக்கும்.”